சாவு வீட்டில் என் தாடை

அடுத்தவர் முகத்தைத் திருத்துவதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்குச் சொந்த முகம் ஒருநாளும் பிடிக்காது. எனக்கும் பிடிக்கவில்லை. கள்ளக்குறிச்சியில் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள் நான். அகலத் தாடையோடு வருகிற பெண்ணுக்குக் காதிலிருந்து மோவாய் வரை பழுப்பு நிறத்தில் ஒரு பூச்சை இழுத்துத் தேய்த்து, தாடையைப் பாதியாகக் காட்டி மணமேடைக்கு அனுப்பிவிடுவேன். (மறுநாள் காலையில் மாப்பிள்ளைக்கு மீதிப் பாதியும் தெரியவரும். அது என் பொறுப்பில்லை.) சாயங்காலம் கடையைச் சாத்தும்போது அதே கண்ணாடியில் என் தாடை தெரியும். அப்பா வழித் தாடை. அவருக்கு மீசையோடு சேர்ந்து கம்பீரமாக இருந்தது. எனக்கு மீசை இல்லை.

அறுவை கிடையாது, தழும்பு கிடையாது, இரண்டு பக்கமும் சில ஊசிகள் போட்டால் மெல்லுகிற தசை தளர்ந்து இளைத்துவிடும், முகம் மாங்காய் மாதிரி கூம்பிவிடும் என்று போனில் ஒரு விளம்பரம் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. கடவாய்ப் பல் பிடுங்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு சேலத்துக்கு பஸ் ஏறினேன்.

டாக்டர் பல்லைக் கடிக்கச் சொல்லித் தாடையைத் தொட்டுப் பார்த்தார். "தசை நல்லா டெவலப் ஆயிருக்கு. சூயிங்கம் நிறைய மெல்லுவீங்களா?"

"கரும்புங்க" என்றேன். (எங்கள் பக்கத்து ஆளிடம் கேட்கிற கேள்வியா அது?)

ஊசி போட்டு முடித்துவிட்டு, "இன்னிக்குப் பூரா கன்னத்தை அழுத்தாதீங்க, தேய்க்காதீங்க. மருந்து பக்கத்துத் தசைக்குப் பரவிடும்" என்றார். தலையாட்டினேன். தலையாட்டுவதில் மட்டும் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

திரும்பும்போது ஜன்னலோர சீட் கிடைத்தது. ஆத்தூர் வரைக்கும் மகாராணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அப்புறம் தூங்கிவிட்டேன். வலது கன்னம் ஜன்னல் கம்பியில் சாய்ந்துகொண்டது. அந்த பஸ்ஸில் ஹாரனைத் தவிர எல்லாமே அதிரும். சின்னசேலம் தாண்டும் வரை அந்தக் கம்பி என் கன்னத்தைத் தடதடவென்று பிசைந்துகொண்டே வந்திருக்கிறது. எழுந்து பார்த்தால் கன்னத்தில் கம்பி அச்சு. அதைக் கையால் தேய்த்து வேறு விட்டேன். எத்தனை புத்திசாலி பாருங்கள்.

ஒரு வாரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் காலை பல் தேய்த்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தேன். இடது பக்க உதடு மேலே ஏறியது. வலது பக்கம் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. யாரையோ நக்கலடிக்கிறவள் மாதிரி இருந்தேன். தாடையோ இம்மியும் இளைக்கவில்லை. கேட்டது கிடைக்கவில்லை, கேட்காதது வந்து உட்கார்ந்துகொண்டது. டாக்டருக்குப் போன் போட்டேன். "டெம்பரவரிதாம்மா. ரெண்டு மூணு மாசத்துல தானா சரியாயிடும். அதுவரைக்கும் ரொம்பச் சிரிக்காம இருங்க" என்றார். எங்கள் அம்மாவோடு ஒரே வீட்டில் இருப்பவளுக்கு அதில் பெரிய சிரமம் இல்லை. அழுதால் எப்படி இருக்கும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என் தம்பி முரளி உரக்கடை வைத்திருக்கிறான். நாலைந்து இடம் தட்டிப்போன பிறகு கச்சிராயபாளையத்தில் கௌசல்யா அமைந்தாள். நிச்சயதார்த்தம் முடிந்ததிலிருந்து பயல் யூரியா கேட்டால் பொட்டாஷ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்துத்தான் கௌசல்யாவின் பெரியப்பா இறந்துபோனார்.

"நான் வரல. பல்லு வலி" என்றேன்.

"பொண்ணு வூட்டு சாவு. நாத்தனாக்காரி வரலன்னா இன்னா பேசுவாங்கன்னு தெரியுமா?" என்றார் அம்மா. "பல்லு வலிச்சா நல்லதாப் போச்சு. நல்லா அழுவ வரும். கெளம்பு."

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போகிற பெண்கள் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துவிட்டு வந்துவிட முடியாது. இழவு வீட்டுப் பெண்களின் தோளில் கைபோட்டு, கட்டிப்பிடித்து, முகத்துக்கு முகம் வைத்து அழ வேண்டும். நான் முந்தானையால் வாயை இறுக மூடிக்கொண்டேன். குனிந்தபடியே ஒப்புக்கு விசும்பிவிட்டு வந்துவிடலாம் என்று திட்டம். ஆனால் நிச்சயதார்த்தத்தன்று அத்தனை கூட்டத்திலும் "நீ சாப்டியாம்மா?" என்று தேடி வந்து கேட்டவர் அந்தப் பெரியப்பாதான். மாலைக்கு நடுவே அவர் முகத்தைப் பார்த்ததும் நிஜமாகவே அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. (பொய்யாக அழுதிருந்தால் பிழைத்திருப்பேன்.) கௌசல்யாவின் அம்மா வந்து என்னைக் கட்டிக்கொண்டார். முந்தானை நழுவியது.

அவருடைய அழுகை சட்டென்று நின்றது.

"இன்னாடி சிரிக்கிற?"

"அழுவுறேங்க அத்தை" என்றேன். அழுகை கூடக் கூட இடது உதடு இன்னும் மேலே ஏறியது.

"பாருங்கடி இந்தக் கூத்த! எங்க வூட்டு பெரிய ஆம்பள கெடக்கறாரு. எதுருக்க நின்னு சிரிச்சிக்கினு அழுவுறேன்றா!"

அழுதுகொண்டிருந்த பெண்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அம்மா பாய்ந்து வந்தார். "ஐயோ, தப்பா நெனைக்காதீங்க! அவளுக்கு முகவாதம். வாய் கோணிக்கிச்சு!" அந்த நொடியில் அம்மா கண்டுபிடித்த வியாதி அது. எரிகிற நெருப்பில் எண்ணெயை ஊற்றியது மாதிரி ஆயிற்று.

"முகவாதமா? இந்த வயசுலயா? நிச்சயத்தப்ப ஒரு வார்த்த சொல்லலியே. பரம்பரையா வர்றதா?"

கூட்டம் மொத்தமும் வாசலில் நின்றிருந்த முரளியின் வாயைப் பார்த்தது. அவன் பயந்துபோய் வாயை இறுக்க மூடிக்கொண்டான். அது இன்னும் சந்தேகமாகப் போய்விட்டது.

"காரியம் முடியட்டும். அதுக்கப்புறம் இந்த சம்பந்தம் வேணுமா வேணாமான்னு பேசிக்கலாம்" என்றார் கௌசல்யாவின் அம்மா.

முரளி என்னைப் பார்த்தான். அவன் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததே இல்லை. என் தாடைக்காக இவன் வாழ்க்கை நாசமாவதா என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

"வியாதியெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று கத்தினேன். "தாடை இளைக்கறதுக்கு சேலத்துல ஊசி போட்டுக்கினேன். மருந்து எடம் மாறி பரவிப்போச்சு. அவ்ளோதான்!"

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப கடவாப் பல்லு?"

"வாயிலதான் இருக்கு."

"தாடைக்குன்னு தனியா ஊசியா?" என்று ஒரு அம்மாள் கத்தரிக்காயைப் புரட்டுகிற மாதிரி என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "எளைக்கலியே?" (அதைத்தானே நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்!)

"கதை நல்லாத்தான் இருக்கு" என்றார் கௌசல்யாவின் அம்மா. அவர் நம்பவில்லை.

அப்போதுதான் கௌசல்யா அழுது வீங்கிய முகத்தோடு பேசினாள். "அண்ணிய ஒரு வாட்டி சிரிக்கச் சொல்லுங்கம்மா. சிரிச்சாலும் இதே மூஞ்சிதான்னா, அவங்க சொல்றது நெசம்."

பி.எட். படிக்கிற பெண். சரியாகத்தான் சொன்னாள். ஆக, சாவு வீட்டில் சிரித்தாள் என்ற பழியிலிருந்து தப்பிக்க, நான் சாவு வீட்டில் சிரித்துக் காட்ட வேண்டும். வெளியே பறை அடிக்கிறார்கள். காலடியில் பிணம். சுற்றி இருபது பெண்கள் என் வாயையே பார்க்கிறார்கள். உங்களுக்குச் சிரிப்பு வருமா? நான் முயன்று பார்த்தேன். "அது சிரிப்பில்ல, பல்லக் காட்றா" என்று தள்ளுபடி செய்துவிட்டார்கள். ஒருத்தி இடுப்பில் கிச்சுகிச்சு மூட்டவே வந்துவிட்டாள்.

பெரியப்பாவின் தலைமாட்டில் அதுவரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த அவர் மனைவி நிமிர்ந்து பார்த்தார். "அந்த பஸ்ஸு கதைய அதுக்குச் சொல்லுங்கடி" என்றார்.

யாருக்கும் சொல்லத் துணிவில்லை. அவரே ஆரம்பித்தார்.

"கள்ளக்குறிச்சி போறதுக்கு நின்னுக்கினு இருந்தாரும்மா. டவுன் பஸ்ஸுக்காரன் நிறுத்தாம போய்ட்டான். இவருக்கு ரோசம் வந்துடுச்சு. வூட்டுக்கு ஓடியாந்து மொபெட்ட எடுத்துக்கினு தொரத்தினாரு. தொரத்திப் புடிச்சி, பஸ்ஸுக்குக் குறுக்க வுட்டு நிறுத்தி, டிரைவர நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாரு. கேட்டுட்டு, வண்டிய ஓரமா நிறுத்திட்டு, அதே பஸ்ஸுல ஏறி ஒக்காந்து கள்ளக்குறிச்சி போய்ட்டாரு. சாயந்திரம் நடந்து வர்றாரு. வண்டி எங்கய்யான்னேன். எந்த வண்டின்னு..."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கினார். சிரிக்கிறார் என்று நினைத்தோம். பிறகு அழுகிறார் என்று தெரிந்தது. பிறகு மறுபடியும் சிரித்தார். பக்கத்தில் ஒருத்திக்குக் களுக்கென்று வந்தது. அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் உடைந்தது. நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். கௌசல்யாவின் அம்மா சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"அதே மூஞ்சிதாண்டி!" என்றார்.

வெளியே பறை நின்றுவிட்டது. கௌசல்யாவின் அப்பா பதறிப்போய் உள்ளே எட்டிப் பார்த்தார். "இன்னா நடக்குது இங்க?"

"ஒண்ணுமில்ல. கல்யாணம் நடக்கும்" என்றார் அவர் மனைவி. "நீங்க போயி பாடையக் கட்டுங்க."

கல்யாணம் நடந்தது. அதற்குள் என் வாய் நேராகிவிட்டது. தாடைகூடக் கொஞ்சம் இளைத்தது, ஒருத்தரும் கவனிக்கவில்லை. மருந்தின் வேகம் தீர்ந்ததும் பழையபடி அகன்றுவிட்டது, அதை மட்டும் எல்லோரும் கவனித்தார்கள்.

இரண்டு குடும்பத்திலும் எங்கே துக்கம் விழுந்தாலும் இப்போது நானும் கௌசல்யாவின் அம்மாவும் சேர்ந்துதான் போகிறோம். வாசலில் செருப்பைக் கழற்றியதுமே அவர் எனக்கு முன்னால் போய், உள்ளே அழுகிறவர்களை ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லி அறிவிக்கிறார்: "தோ, எங்க சம்பந்தி பொண்ணு வருது. அது சிரிக்கிற மாதிரி இருக்கும். தப்பா நெனைக்காதீங்க, அழுவுதுதான்." என் வாய் நேராகி வருஷக்கணக்கில் ஆகிறது அத்தை என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். போன வாரம் திருநாவலூர் சாவில்கூட அப்படித்தான் அறிவித்தார். அழுதுகொண்டிருந்த இருபது பேரும் அழுகையை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.