பாய்லருக்கு வைத்த பொட்டு

என் பொகை மாமா,

உங்கள் மனைவி புனிதா கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே லயத்தில் ஆறு வீட்டாரும் சுகம். உங்கள் சுகம் அறிய ஆவல் என்று எழுதக் கை போனது, பிடித்து நிறுத்திக்கொண்டேன். போன ஐப்பசியில் நீங்கள் போனபிறகு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். தோட்டப் பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு எழுதாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். மாமா, ஆறு வீட்டுக்கும் வெந்நீர் தருகிற நம் பாய்லர் சோதனையில் பாஸாகிவிட்டது. சிஜில் என்கிற அந்தச் சான்றிதழ்த் தாளைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். உங்கள் படத்துக்கும் அதுதான் பக்கம். நீங்களே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

எங்கே தொடங்குவது? தண்ணீரில் தொடங்குகிறேன். போன ஆயுத பூஜையன்று பாய்லரைத் துடைத்துச் சந்தனம் பூசி, என்னைக் கூப்பிட்டீர்கள். சூடு காட்டுகிற கண்ணாடிக் குழாயில் எண் எல்லாம் எறும்புக் கால் மாதிரி இருக்கிறது, எனக்குத் தெரியவில்லை என்றேன். "எண்ணு எதுக்கு? இந்த எடத்துல ஒரு பொட்டு வை. சிவப்பு ஏறி வந்து பொட்டைத் தொட்டா வெறகை நிறுத்திடு, அவ்ளோதான்லா" என்றீர்கள். நானும் எட்டி வைத்தேன். அடுத்த மாதமே நீங்கள் போய்விட்டீர்கள். அப்புறம் வெள்ளிக்கு வெள்ளி பழைய பொட்டைத் துடைத்துவிட்டுப் புதுப் பொட்டு வைத்து, நீங்கள் சொன்னது சொன்னபடி, சிவப்பு பொட்டைத் தொட்டதும் ஒரு குச்சிகூட உள்ளே போடாமல் காத்துவந்தேன். ஆனால் மார்கழிக் குளிரில் பார்த்தால் குழாயில் வருவது வெந்நீர் இல்லை, குளிர் விட்ட தண்ணீர். ஆறாம் வீட்டு ராமசாமி அண்ணன் வந்து, சிவசாமி அண்ணன் போன துக்கம் பாய்லருக்கும் இருக்காதா என்றார். உமாதேவி அக்கா, வருஷம் திரும்பி திதி கொடுத்தால் சரியாகிவிடும் என்றாள். நான் பாய்லரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மாசி வரைக்கும் எல்லாரும் பாய்லருக்காகத் துக்கப்பட்டார்கள். பங்குனியில் துக்கம் தீர்ந்து புகார் ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் ஆனால் வாளியைத் தூக்கிக்கொண்டு யாராவது ஒருவர் என் வாசலில் வந்து நிற்பார்கள், இதில் கையை விட்டுப் பார் புனிதா, மீன்கூட நீந்தும் என்பார்கள்.

கடைசியில் ராமசாமி அண்ணன் பொறுக்க முடியாமல் தோட்ட ஆபீசுக்குப் போய்க் கணக்கெழுதும் கிராணியிடம் தண்ணீர் சுடவில்லை என்று சொல்லிவிட்டார். கிராணி, எந்தப் பாய்லர், அதற்குச் சிஜில் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். அப்படி என்றால் என்ன என்று இவர் கேட்டிருக்கிறார். கிராணி போய்த் தோட்ட மேனேஜர் துரையிடம் சொல்ல, துரை என்னை நேரில் கூப்பிட்டு, வெளியில் விறகு எரிக்கிற பாய்லர் பாதுகாப்புத் தாள் இல்லாமல் லயத்தில் இருக்கக் கூடாது, சோதனைக்கு ஆள் வரும், தோற்றால் கழற்றி லோரியில் ஏற்றிவிடுவோம் என்று சொல்லிவிட்டார். ராமசாமி அண்ணன் என் முகத்தைப் பார்க்க மாட்டாமல், "நான் வெந்நி கேக்கத்தான் போனேன் தங்கச்சி, அவங்க பாய்லரையே கேட்டுட்டாங்க" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் சட்டையைக் கொடுத்தாயிற்று, காலில் போட்ட சப்பாத்தைக் கொடுத்தாயிற்று, மோட்டார் சைக்கிளும் போயிற்று. ஊரே 'பொகை' என்று கூப்பிடும்படி தேயிலைத் தொழிற்சாலை அடுப்பில் நாள் முழுக்க வெந்துவிட்டு வந்து, மூன்று மாதம் உட்கார்ந்து நீங்கள் கையால் ஒட்டவைத்தது அது ஒன்றுதான் மிச்சம். அதையும் ஏற்றிவிட்டால் நான் காலையில் எழுந்து எதைப் பற்றவைப்பேன்?

சோதனை நாள் முந்தாநாள் செவ்வாய். பெண்கள் எல்லாம் சேர்ந்து பாய்லரைக் கழுவி, திருநீறு பூசி, திரிங்காப் தோட்டத்தில் வாங்கி வந்த சாமந்திப் பூவை மாலையாகக் கட்டி அடுப்புக் கதவில் போட்டோம். வந்த அதிகாரி யோகேந்திரன் என்று நம் தமிழ்ப் பிள்ளைதான், குவாந்தானிலிருந்து மாற்றலாகி வந்தவராம், மலைக் குளிரில் மூக்கு சிவந்து ஒழுகிக்கொண்டிருந்தது. பாய்லரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்மா, இது பாய்லரா, கோயிலா?"

"ரெண்டும்தான் துவான்."

"துவானெல்லாம் வேணாம்மா, தம்பின்னு கூப்பிடுங்க. மொதல்ல மாலையக் கழட்டுங்க, நெருப்புக் கதவுல பூவைப் போட்டா அதுக்கே ஃபெயில்."

மாலையைக் கழற்றிய வேகத்தில் அது ராமசாமி அண்ணன் கழுத்தில் விழுந்தது. எடுக்க யாருக்கும் ஞாபகம் இல்லை, அன்றைக்கு முழுக்க மாப்பிள்ளை மாதிரியே திரிந்தார். அதிகாரி நாடாவால் சுவருக்கும் பாய்லருக்கும் இடைவெளி அளந்தார். நீங்கள் வைத்த தூரம் சரியாம். குழாய்க்குச் சுற்றியிருந்த சாக்கைக் கிள்ளிப் பார்த்தார், சூடு வெளியில் போகாமல் நன்றாகக் கட்டியிருக்கிறது என்றார். ஈப்போவில் புதிதாக வாங்கி வந்து மாட்டினீர்களே, சூடு மிஞ்சினால் தானே திறக்கிற அந்த ஆவி திறப்பான், அதில் முத்திரை இருக்கிறது என்று எழுதிக்கொண்டார். என் உயிர் பாதி திரும்பி வந்தது. அப்புறம் கம்பியைப் புகைக்குழாயில் விட்டு இழுத்தார் பாருங்கள், கருப்பாகப் பிசின் பிசினாக வந்தது. அவர் முகம் மாறிவிட்டது. சூடு குறைவாக அணைத்து அணைத்து எரித்தால் இப்படித்தான் கரி ஒட்டும், ஒரு நாள் அந்தக் கரியே தீப்பிடித்துக்கொள்ளும், அரைச்சூட்டுத் தண்ணீரில் கிருமி வேறு வளரும் என்றார். பாருங்கள் மாமா, நான் பயந்து பயந்து குறைத்து எரித்ததுதான் ஆபத்தாம்.

ஏன் குறைக்கிறீர்கள் என்று கேட்டார். பொட்டைத் தாண்டக் கூடாது என்று உங்கள் வாக்கைச் சொன்னேன். அவர் கண்ணாடிக் குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி குழாயைப் பார்த்தார். பிறகு கட்டை விரலை எச்சில் தொட்டுப் பொட்டை அழித்துவிட்டார்.

லயமே அலறியது. உமாதேவி அக்கா வாயில் அடித்துக்கொண்டாள். என் பொட்டை அழித்தபோதுகூட இவர்கள் இப்படி அலறவில்லை. அதிகாரி பாவம், பயந்துபோய்ச் சுவரோரம் ஒதுங்கினார். நான்தான், விடுங்கள், பிள்ளைக்கு என்ன தெரியும் என்று அடக்கினேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து காட்டினார். பொட்டு இருந்தது நாற்பத்தைந்தில். அதற்கு நாலு விரல் மேலே, எண்பது என்கிற இடத்தில், குழாய்க்குப் பின்னால் உள்ள பித்தளைத் தகட்டில் ஆணியால் நீங்கள் கீறிய கோடு அப்படியே இருக்கிறது. நான் குட்டை. அன்றைக்கு உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டி வைத்தேன். நீங்கள் போனபின் செங்கல் போட்டு ஏறி வைத்தேன். முழங்கால் வலி வந்ததும் செங்கலையும் விட்டுவிட்டேன். வாரம் ஒரு எள்ளளவு இறங்கி இறங்கி வந்திருக்கிறது.

"அம்மா, பொட்டு அவரு உசரத்துலேருந்து ஒங்க உசரத்துக்கு எறங்கி வந்திருக்கு" என்றார்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு என்ன வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

புகைக்குழாயைச் சுத்தம் பண்ணவைத்து, ஒரு சக்கரவண்டித் தேயிலைக் கட்டையை எடைபோட்டு, கைத்தொலைபேசியில் நேரம் வைத்து, எரிக்கச் சொன்னார். சிவப்பு நாற்பத்தைந்தைத் தாண்டியது, அறுபதைத் தாண்டியது, எண்பதில் போய் நின்றது. கடைசி வீட்டுக் குழாயைத் திறந்தால் ஆவி பறக்கிறது. உமாதேவி அக்கா கையை விட்டுவிட்டு ஐயோ என்றாள், அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. அதற்குமேல் ஆவி திறப்பானைச் சோதிக்க இன்னும் ஏற்றச் சொன்னார். அது திறந்து விசிலடித்தது பாருங்கள், காலையில் ஆள் கூட்டப் பெரட்டுக்கு அடிக்கிற சங்கு தோற்றுவிடும். வெந்நீர் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு உடனே குளிக்கப் போயிருந்த ராமசாமி அண்ணன், பாய்லர் வெடித்துவிட்டது என்று தலையெல்லாம் சவர்க்காரத்தோடு, இடுப்பில் துண்டோடு, கழுத்தில் அந்தச் சாமந்தி மாலையோடு ரோட்டுக்கு ஓடி வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத் துரையின் கார் வந்தது. துரை கண்ணாடியை இறக்கி அவரைப் பார்த்துவிட்டு, மறுபடி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அதிகாரி சொன்ன நிபந்தனைகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். புகைக்குழாயை இன்னும் ஒரு முழம் உயர்த்த வேண்டும், சாயம் அடித்த பலகையை எரிக்கக் கூடாது, கதவுக்கு முன்னால் தடுப்புக் கட்ட வேண்டும், கண்ணாடிக் குழாயில் எதையும் பூசக் கூடாது. பொறுப்பாளர் பெயர் எழுத வேண்டும் என்றபோது ராமசாமி அண்ணன் ஈரத் தலையோடு முன்னால் வந்தார். அதிகாரி, தினமும் யார் எரிக்கிறீர்களோ அவர் பெயர்தான் என்றார். புனிதா சிவசாமி என்று பெரிதாகப் போட்டேன். உங்கள் பெயரில் 'சி' மட்டும் கொஞ்சம் கோணல்.

என் அப்பா அம்மாவை அங்கே பார்த்தால் கேட்டதாகச் சொல்லுங்கள். குளிர் இருந்தால் காதை மூடிக்கொள்ளுங்கள். ராமசாமி அண்ணனும் உமாதேவி அக்காவும் உங்களுக்கு வணக்கம் சொன்னார்கள். விலாசம் தெரியாததால் இதை நாளைக் காலை அடுப்பில் போடப்போகிறேன். சாயம் இல்லாத தாள்தான், குற்றம் இல்லை. புகை உங்களைத் தேடிக்கொண்டு வரும்.

உங்கள் அடியவள்,
புனிதா

பி.கு.: கோபித்துக்கொள்ளாதீர்கள், பொய்யை உங்களுக்கு அனுப்ப மனம் வரவில்லை. பங்குனி வரைக்கும் பொட்டு தானாகத்தான் இறங்கியது. பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை துடைக்கும்போது மேலே உங்கள் ஆணிக் கோடு என் கண்ணில் பட்டுவிட்டது. பார்த்தும் கீழேயே வைத்தேன். தண்ணீர் சுடாவிட்டால்தானே சாயங்காலம் யாராவது வாளியோடு வந்து என்னைத் திட்டிவிட்டுப் போகிறார்கள். இப்போது மூன்று நாளாகத் தண்ணீர் நன்றாகச் சுடுகிறது, எல்லாரும் குளித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள், வாசலில் ஆள் இல்லை. நாளைக்கு வெள்ளிக்கிழமை. குங்குமச் சிமிழைத் திறந்து பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். வைக்கவா, வேண்டாமா, மாமா?