நூலகர் இறக்கிய கொடி

"என்னங்க, இந்த வெயில்ல எதுக்கு மழைக்கோட்டு?"

"கடல் காத்து," என்றார் நூலகர். பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்ததால் இரண்டு சொல்லுக்கு மேல் பேச அவருக்குத் தைரியமில்லை.

காய்ச்சல் வந்து மூன்று நாள் ஆகிறது. ஓய்வு பெற்ற மனிதர் வீட்டில் காய்ச்சலோடு படுத்தால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவர் இருந்ததோ அந்நிய நாட்டுக் கடலில், மச்சினனின் பாய்மரப் படகில். எதிரே தெரிந்த துறைமுகத்தில், நான்கு வருடமாகப் பார்க்காத மகள், அவர் இன்னும் ஒருமுறைகூடத் தூக்காத பேத்தியோடு காத்திருந்தாள். நோயாளி இருக்கும் படகை நாற்பது நாள் கடலிலேயே நிறுத்திவைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். கிளம்புமுன் ஒரு கப்பல் புத்தகம் படித்திருந்தார். அட்டை போய், செல்லரித்து, நூலகத்தில் அவரைத் தவிர யாருமே எடுக்காத புத்தகம்.

ஆகவே மறைத்தார். முதல் நாள், "சாப்பாடு இறங்கலையா?" என்று மனைவி கேட்டாள். சந்தேகம் வரக்கூடாதென்று இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். கால் மணி நேரத்தில் அத்தனையும் கடலுக்குப் போனது. "மீன் பாக்கறேன்," என்றார், கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி.

மறுநாள் உடம்புச் சூடு தெரியாமலிருக்க வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். தொண்டை கட்டிக்கொண்டது. அதை மறைக்க, 'மௌன விரதம்' என்று எழுதிக் காட்டினார். முப்பது வருடம் மற்றவர்களைப் பேசாதே என்று அதட்டிய மனிதர் என்பதால் அது மட்டும் எடுபட்டது.

துறைமுகத்துக்குச் சற்று வெளியே மச்சினன் நங்கூரம் போட்டான். பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் கொடியை எடுத்து, கயிற்றில் கட்டி மேலே ஏற்றினான்.

"கொஞ்ச நேரம் இருங்க அத்தான். ஆபீசர் வருவாரு. பேப்பரெல்லாம் எடுத்து வைக்கறேன்," என்று உள்ளே இறங்கினான். அவன் அக்காவும் துணிமணியை எடுத்து வைக்கப் போனாள்.

நூலகருக்குக் காய்ச்சல் இன்னும் ஒரு டிகிரி ஏறியது. புத்தகத்தில் படமே போட்டிருந்தார்கள்: மஞ்சள் கொடி என்றால் படகில் தொற்றுநோய். கூடவே இருந்து குழி பறித்துவிட்டானே என்று மனம் வெந்தது. தூரத்தில் இன்னொரு படகிலும் மஞ்சள் கொடி பறந்தது. அங்கே யாருக்கு என்ன நோயோ, பாவம் என்று ஒரு நிமிடம் இரங்கினார். பிறகு கயிற்றை அவிழ்த்து, கொடியை இறக்கி, நான்காக மடித்து மழைக்கோட்டுக்குள் செருகினார்.

அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்த துறைமுக மோட்டார் படகு, பாதி வழியில் நின்று, திரும்பிக் கரைக்கே போய்விட்டது.

மேலே வந்த மச்சினன் அண்ணாந்து பார்த்தான். "கொடி எங்க அத்தான்?"

"காத்துல போயிருக்கும்."

"ரெண்டு முடிச்சுப் போட்டேனே," என்றவன், வயர்லெஸ்ஸில் பேச உள்ளே ஓடினான்.

நூலகருக்கு வியர்த்துக் கொட்டியது. கோட்டுக்குள் கைவிட்டு, அகப்பட்ட துணியை இழுத்து நெற்றியைத் துடைத்தார்.

"அது என்னங்க கையில, மஞ்சளா?" என்றாள் மேலே ஏறி வந்த மனைவி.

இனி மறைக்க எதுவுமில்லை. "எனக்குக் காய்ச்சல்மா. என்னைக் கரையில விடமாட்டாங்க. நீ போய்ப் பாத்துட்டு வா. குழந்தையைக் கரையிலேருந்தே கொஞ்சம் தூக்கிக் காட்டச் சொல்லு. எனக்கு அது போதும்." சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூணு நாளா அடுப்புப் பக்கத்துல படுத்த மாதிரி இருக்கு. எனக்குத் தெரியாமப் போயிடுமா? முந்தாநாளே தம்பி வயர்லெஸ்ல இந்த ஊர் டாக்டரைக் கேட்டுட்டான். சாதாரணக் காய்ச்சல்தான், வரட்டும்னுட்டாரு. டீ கசக்குதுன்னு மூஞ்சியைச் சுளிச்சீங்களே, அது மாத்திரை."

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"அவ்வளவு பாடுபட்டு மறைச்சீங்க. கெடுக்க மனசு வரல."

"அப்படின்னா உன் தம்பி எதுக்கு இந்தக் கொடியை ஏத்தினான்?"

"எனக்கென்ன தெரியும்? புத்தகம் படிச்சவர் நீங்க."

மோட்டார் படகு மறுபடி வந்தது. இந்தத் தடவை ஆபீசரோடு ஒரு டாக்டர், இரண்டு உதவியாட்கள், ஒரு ஸ்ட்ரெச்சர். எல்லார் முகத்திலும் முகமூடி. டாக்டர் நூலகரின் தொண்டையில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "வெறும் தொண்டைப்புண். தாராளமா இறங்கலாம். குழந்தைக்கு முத்தம் மட்டும் ரெண்டு நாள் கழிச்சு."

நூலகர் கொடியை ஆபீசரிடம் நீட்டினார். "நோய் இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சுடுமேன்னு நான்தான் இறக்கினேன்."

ஆபீசர் முகமூடியைக் கழற்றினார். "எந்தக் காலத்துப் புத்தகம் ஐயா படிச்சீங்க? படகுல எல்லாரும் சுகம், உள்ள விடுங்கன்னு சொல்ற கொடி இது. நீங்க அதைப் பாதியில இறக்கினதாலதான், யாருக்கோ ரொம்ப முடியாமப் போச்சுன்னு ஸ்ட்ரெச்சரோட வந்தோம்."