டிக்கியில் வெடிமருந்து, பின்சீட்டில் மாமனார்

"மாமா, ஏசியைக் கொஞ்சம் குறைக்கட்டுமா?"

பின்சீட்டிலிருந்து பதில் இல்லை.

மாப்பிள்ளை கண்ணாடியில் பார்த்தார். மாமனாரின் வாய் லேசாகத் திறந்திருந்தது. பாதி மூடிய கண்கள் காரின் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தன. இமைக்கவில்லை.

வெளியே விடிந்தும் விடியாத பனிமூட்டம். சாலையில் ஈ காக்காய் இல்லை. மரங்கள் ஒவ்வொன்றாகக் கிட்டே வந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் போயின.

"மாமா?"

இந்தத் தடவை டிக்கியிலிருந்து சத்தம் வந்தது. 'ஸ்ஸ்ஸ்' என்று எதுவோ சரிந்து கொட்டும் சத்தம்.

மாப்பிள்ளை ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். டிக்கியில் இருந்தது அரிசி பருப்பு அல்ல. ஒரு மரப்பெட்டியில் தோட்டாக்கள், இன்னொன்றில் வெடிமருந்து. காட்டுப்பன்றிகளிடமிருந்து பயிரைக் காப்பாற்ற மாமனார் வாங்கி வைத்தவை. வயதாகிவிட்டது என்று துப்பாக்கியை ஏற்கெனவே போலீசில் ஒப்படைத்துவிட்டார். மிச்சத்தை வெடிமருந்துக் கிடங்கில் சேர்க்கத்தான் இந்தப் பயணம்.

கிளம்பும்போதே மாமனார் சட்டம் பேசிவிட்டார்.

"வண்டி குலுங்கக் கூடாது மாப்பிள்ளை. சூடாகக் கூடாது. சட்டுனு பிரேக் போடக் கூடாது. போனை அணைச்சு வெச்சிருங்க. முக்கியமா, லைசென்ஸ்காரன் நான் கூடவே இருக்கணும். நான் இல்லாம நீங்க கொண்டுபோனா அதுக்குப் பேரு கடத்தல். உள்ள தள்ளிடுவான்."

"அதான் நீங்க இருக்கீங்களே மாமா" என்று சிரித்தார் மாப்பிள்ளை.

இப்போது சிரிப்பு வரவில்லை. மாமனார் இருக்கிறாரா என்பதுதான் கேள்வியே.

மாப்பிள்ளை மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. ஊரிலுள்ள டாக்டர்களையெல்லாம் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து நிற்கிறவர். அப்படி ஓட்டுவார். பின்னால் உட்கார்ந்தவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பேச்சு மூச்சில்லாமல் வருவார்கள். தம் திறமையில் சொக்கிப்போய்விட்டார்கள் என்று அவருக்கு நினைப்பு. இன்றைக்கு அதே வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. சற்று முன்புதான் ஒரு சைக்கிள்காரர் மணியடித்து முந்திக்கொண்டு போனார்.

பிரேக்கைப் பூப்போல அழுத்தி வண்டியை ஓரம் கட்டினார். கையைப் பின்னால் நீட்டி மாமனாரின் கையைத் தொட்டார். சில்லென்று இருந்தது. வெடிமருந்து சூடாகக் கூடாதே என்று ஏசியை உச்சத்தில் வைத்திருந்தது அவர்தான். ஆனால் அந்த நேரத்தில் அதெல்லாம் யாருக்கு நினைவு வரும்?

இறங்கிப் பின்சீட்டுக்குப் போய் நாடி பார்த்தார். ரத்தக்கொதிப்பு மாத்திரை விற்றே வீடு கட்டியவருக்கு நாடி எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. தடவித் தடவி ஒரு வழியாகக் கண்டுபிடித்தார். தடதடவென்று அடித்தது. அப்பாடா என்று மூச்சு விட்டபிறகுதான், அடித்தது தம்முடைய கட்டைவிரலின் நாடி என்று தெரிந்தது.

"மாமா! மாமா!" என்று தோளைப் பிடித்து உலுக்கினார். மாமனார் மெல்லச் சரிந்தார். தலை ஜன்னலில் 'டொக்' என்று மோதியது. ஆள் ஒன்றும் சொல்லவில்லை.

அப்போதுதான் அந்த மாத்திரை ஞாபகம் வந்தது. "உங்க வண்டில ஏறினாலே தலை சுத்துது" என்று மாமனார் சொல்ல, பையிலிருந்த சாம்பிள் மாத்திரை ஒன்றை எடுத்துக் கொடுத்தது இவரேதான். புதுச் சரக்கு. அவரே இன்னும் முழுதாகப் படித்துப் பார்க்கவில்லை.

கடத்தலோடு கொலையும் சேர்ந்துகொண்டது.

மாப்பிள்ளைக்கு அழுகை வந்தது. மாமா கொஞ்சம் சிடுசிடுப்பானவர்தான். ஆனால் இவருக்கு வேலை போயிருந்த நாட்களில் ஒரு வார்த்தை குத்திப் பேசாமல் சோறு போட்ட மனுஷர். அவரையா கொன்றோம்?

மனைவியிடம் சொல்லிவிடலாம் என்று, டிக்கியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே போனை உயிர்ப்பித்தார்.

"அப்பா என்ன பண்றார்?" என்றாள் அவள், எடுத்த எடுப்பில்.

"அமைதியா இருக்கார்."

"உங்க வண்டிலயா?"

அவள் குரலில் இருந்த ஆச்சரியம் அவருக்கு வேறு மாதிரி கேட்டது. எல்லாம் தெரிந்துதான் கேட்கிறாளோ என்று போனை அணைத்துவிட்டார்.

அந்தக் கண்கள்தான் தாங்கவில்லை. தம்முடைய கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாமனாருக்கு மாட்டினார். தலையில் தொப்பியை வைத்தார். சரியாமல் இருக்க பெல்ட்டை இறுக்கினார். முன்னிருக்கைக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால், முன்னைக்கு இப்போது இன்னும் பயங்கரமாக இருந்தது. யாரோ முன்பின் தெரியாத ஆள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தான்.

வளைவில் திரும்பினார். ஸ்ஸ்ஸ்.

பனிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு வண்டியை மறித்தது. கைக்குப் பின்னால் போலீஸ்காரர் வந்தார்.

"டிக்கில என்ன?"

"வெடிமருந்து சார். சட்டப்படிதான் சார். லைசென்ஸ்காரர் பின்னாலயே இருக்கார் சார். உயிரோட" என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னார் மாப்பிள்ளை.

போலீஸ்காரர் மாமனாரின் லைசென்ஸை வாங்கிப் பார்த்தார். பின் ஜன்னலைத் தட்டினார். "பெரியவரே, சரக்கு உங்களோடதா?"

கறுப்புக் கண்ணாடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னங்க, பேச மாட்டேங்கறார்?"

"என் மேல கோபம் சார்."

"எப்பலேர்ந்து?"

"கல்யாணத்துலேர்ந்து."

"வாயத் திறக்க வேணாம், தலையாவது ஆட்டச் சொல்லுங்க."

மாப்பிள்ளைக்குக் கால் உதறியது. உதறிய கால் பிரேக்கிலிருந்து நழுவியது. வண்டி சட்டென்று ஓரடி நகர்ந்து நின்றது. பின்சீட்டில் தொப்பி போட்ட தலை மெதுவாகக் குனிந்தது. மெதுவாக நிமிர்ந்தது.

"சரி, போங்க" என்றார் போலீஸ்காரர். "எங்க வீட்டுலயும் ஒருத்தர் இப்படித்தான்."

கிடங்கு வரும்வரை கண்ணாடியைப் பார்க்கவே மாப்பிள்ளைக்குத் துணிச்சல் இல்லை.

ஊருக்கு வெளியே, ஒரு மரம்கூட இல்லாத பொட்டலில், கம்பி வேலிக்குள் ஒற்றைக் கட்டடமாக நின்றது கிடங்கு. தீப்பொறி பறக்காமலிருக்கக் கேன்வாஸ் ஷூ போட்ட கிடங்குக்காரர் வெளியே வந்தார். மாமனாரின் பால்ய சிநேகிதர் அவர். மாப்பிள்ளை கதவைத் திறந்துகொண்டு ஓடி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு கதறிவிட்டார்.

"ஐயா, மாமா போயிட்டாருய்யா! நான் குடுத்த மாத்திரைதான் காரணம். லைசென்ஸ்காரர் இல்லாம நான் சரக்கு ஓட்டிட்டு வந்திருக்கேன். என்னை என்ன வேணாப் பண்ணுங்க!"

கிடங்குக்காரர் பின் ஜன்னலில் குனிந்து பார்த்தார். தொப்பியையும் கண்ணாடியையும் பார்த்து அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தார் மாப்பிள்ளை. பிறகு அவர் பேசாமல் போய் டிக்கியைத் திறந்து, வெடிமருந்துப் பெட்டியைத் தூக்கித் தொப்பென்று தரையில் போட்டார்.

மாப்பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஒன்றும் வெடிக்கவில்லை. பெட்டியின் மூலையிலிருந்து ஸ்ஸ்ஸ் என்று கொட்டிக்கொண்டிருந்தது.

"சத்தம் போடாதீங்க தம்பி, தூக்கம் கலைஞ்சிரப் போகுது. சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான், கண்ணை முழுசா மூடாமலே பொணமாட்டம் தூங்குவார். சரக்கையெல்லாம் போன மாசமே எங்க ஆளுங்க வந்து எடுத்துட்டாங்க, இது வெறும் மணல். 'உன்னைப் பாக்க வரணும்டா, ஆனா டிக்கில வெடிமருந்து இருந்தாத்தான் எங்க மாப்பிள்ளை மனுஷனா வண்டி ஓட்டுவார்'னு உங்க மாமாதான் போன்ல சொன்னார்."