தலைவர் அடைத்த ஓட்டை

கடலுக்கு இருநூறு அடி தள்ளி வாழ்ந்துகொண்டே, 'இங்கே ஒரு கடல் இல்லையே' என்று வருந்துவதற்குத் தனி மேதைமை வேண்டும். வெள்ளவத்தையில் அது ஒருவருக்குத்தான் வாய்த்திருந்தது. அவர் எட்டு மாடித் தொடர்மாடி ஒன்றின் முகாமைக் குழுத் தலைவர், ஓய்வுபெற்ற பிரதிப் பணிப்பாளர் திரு. சிவானந்தன். ரயில் பாதையைத் தாண்டினால் அலை காலை நனைக்கும். ஆனால் அந்தக் கடலை எந்தக் குழுவும் தீர்மானம் போட்டு உருவாக்கவில்லை. அதனால் அதில் அவருக்கு அவ்வளவு மரியாதை இல்லை.

ஆகவே வரவேற்புக் கூடத்தில் ஆறடிக் கண்ணாடித் தொட்டி எழுந்தது. வெளிநாட்டு உப்பைக் கரைத்து, உள்நாட்டுக் குழாய்த் தண்ணீர் கடலாக 'தரமுயர்த்தப்பட்டது'. செம்மஞ்சள் மீன்கள் இரண்டு 'குடியமர்த்தப்பட்டன'. வருடாந்தப் பொதுக்கூட்டத்தன்று திறப்பு விழா, அன்றே தேர்தல். மூன்றாம் முறையும் தலைவராக வேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு ஆசை இல்லை. அதற்கு அவர் மீன்களைத்தான் நம்பியிருந்தார்.

காரணம், மனிதர்களை நம்ப முடியவில்லை. கட்டடத்தில் ஒழுகாத வீடு குறைவு. நாற்பத்தொரு வீட்டாரின் முறைப்பாடுகள் ஒரு தடித்த கோவையில் கோத்துக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் தலைவர் தம் கைப்பட ஒரே பதிலை எழுதியிருந்தார்: 'ஒழுக்கு என்பது மிகச் சிக்கலான தொழில்நுட்ப விடயம். உபகுழுவின் ஆய்வில் உள்ளது.' நான்காம் மாடி மர்லியாவிடம் மட்டும் இப்படி ஏழு கடிதங்கள் இருந்தன. அவருடைய மகள் ஆதிபாவின் கட்டிலுக்கு நேர்மேலே இரண்டு வருடமாகச் சொட்டியது. பிள்ளை கட்டிலில் சொட்டைப் பிடிக்க வைத்த பிளாஸ்டிக் பேசினோடு தூங்கப் பழகிவிட்டாள்.

தொட்டியைப் பொருத்தியவர் கொட்டாஞ்சேனை இப்ஹாம். பெரிய தொட்டிக்குக் கீழே, அலுமாரிக்குள், 'சம்ப்' என்று ஒரு சின்னத் தொட்டி. மேலிருந்து வழியும் தண்ணீர் அதில் இறங்கிச் சுத்தமாகி, பம்பினால் மறுபடி மேலே ஏறும். ஏறுகிற குழாயின் முனை மேல் தொட்டிக்குள் ஆழமாக இறங்கியிருந்தது; அதில், தண்ணீர் மட்டத்தோடு ஒட்டி, ஒரு சிறு ஓட்டை 'ஸ்ஸ்' என்று பீச்சிக்கொண்டிருந்தது.

"உதென்ன தம்பி, புதுப் பைப்பே ஒழுகுது?"

"ஒழுகல்ல சேர், வேணும்டே போட்ட ஓட்ட. கரண்ட் போனா மேல் தண்ணியெல்லாம் இந்த பைப்பால கீழ வரப் பாக்கும். அந்நேரம் ஓட்டையால காத்து போகும், தண்ணி நிண்டுரும். இத மட்டும் தொடாதீங்க."

தலைவர் தலையாட்டினார். ஆனால் இது வாய்ச்சொல். எழுத்தில் அறிவிக்கப்படாத ஓட்டையை முப்பது வருட அரசசேவை ஓட்டையாக ஏற்றுக்கொள்வதில்லை.

கூட்டத்தன்று மாலை நான்கு மணிக்கு அந்த 'ஸ்ஸ்' கூடம் முழுதும் கேட்டது. நாற்பத்தொரு முறைப்பாட்டுக்காரரும் வந்து உட்காரப்போகிற இடம். அவர்கள் காதில் ஒழுக்குச் சத்தமா? தலைவர் சேர்ட் கையை மடித்தார். குழாய் ஒட்டும் பசையை எடுத்தார். சத்தம் நின்றது.

ஐந்து மணிக்கு எல்லோரும் கூடினார்கள். மர்லியா பேசினோடு வந்திருந்தார்.

"பேசின் நிகழ்ச்சி நிரலில இல்லை, தங்கச்சி," என்றார் தலைவர்.

மர்லியா பேசினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தலைவர் தொட்டிப் பக்கம் திரும்பிக் கையை நீட்டி, "எங்கட சாதனை..." என்று தொடங்கினார். கரண்ட் போனது. ஜெனரேட்டர் வரவில்லை. அதற்கு வேறு கோவை.

சின்னத் தொட்டி நிரம்பி, அலுமாரிக் கதவைத் தள்ளிக்கொண்டு கடல் வெளியே வந்தது. கதிரைக்கால்கள், செருப்புகள், வாக்குச்சீட்டுகள் எல்லாம் உப்புத் தண்ணீரில். திறப்பு விழாவுக்கு வந்திருந்த இப்ஹாம் பாய்ந்துபோய்க் குழாயை வெளியே இழுத்தார். அதற்குள் மேல் தொட்டியில் தண்ணீர் அரையடிதான் மிச்சம். மீன்கள் பக்கவாட்டில் துடித்தன. அவற்றைத் தண்ணீரோடு அள்ளியது நிகழ்ச்சி நிரலில் இல்லாத அந்தப் பேசின்தான்.

"ஆரு இந்த ஓட்டைய அடச்சது?" என்று கத்தினார் இப்ஹாம்.

தலைவர் பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கவும் நினைத்தார். ஆனால் பின்வரிசையில் யாரோ, "எங்கட தலைவரோ? அவருக்கு எங்க ஒழுக்கு அடைக்கத் தெரியும்!" என்று சிரித்துவிட்டார்கள். அது அவருக்குச் சுட்டது.

"ஆர் சொன்னது தெரியாதெண்டு? நான்தான் அடைச்சனான்! பத்து நிமிசம். உபகுழுவும் கூட்டேல்லை, ஒரு கடிதமும் எழுதேல்லை!"

தண்ணீர் படியில் இறங்கிக்கொண்டிருந்தது. நாற்பத்தொரு பேரும் அவரையே பார்த்தார்கள். தாம் சொன்னது என்னவென்று தலைவருக்கு அப்போதுதான் உறைத்தது.

மர்லியா பேசினைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"மீன் ரெண்டும் எங்கட வீட்டில ஈக்கும் சேர். நீங்க வந்து ஒரு பத்து நிமிசத்தில சீலிங்க அடச்சிட்டு எடுத்துக்கிட்டுப் போங்க. சொட்டுக்கு வைக்க வேற பேசின் இல்ல. இண்டைக்கு என்ட மகள் நனைவா, உங்கட மீன் காயாது."