இறால் மீனல்ல என்று நான் சொன்ன ஞாயிறு

சென்ற ஆண்டு, மாசி மாதத்தின் கடைசி ஞாயிறு. இடம், தர்மபுரியில் என் வீடு. காலையில் சந்தையில் வெள்ளை இறால் இரண்டு கிலோ வாங்கப்பட்டது. நண்பகலில் இண்டூரிலிருந்து விருந்தினர் மூவர் வந்தனர். உணவு பரிமாறப்பட்டது. வீட்டுக்காரர் ஒரு வாக்கியம் பேசினார். விருந்தினர் உண்பதை நிறுத்தினர். ஒரு பாதிரியாருக்குத் தொலைபேசி அழைப்பு போனது. இறால்களைத் தவிர வேறு உயிரிழப்பு இல்லை.

நடந்தது இவ்வளவே. விளக்கம்தான் சற்று நீளம்.

விலங்கியல் ஆசிரியனுக்கு ஒரு விலங்கைப் பற்றி எல்லாம் தெரியும், அதை எப்போது அடுப்பிலிருந்து இறக்க வேண்டும் என்பதைத் தவிர. ஓய்வு பெறும்வரை கல்லூரியில் அந்தப் பாடத்தை நடத்தியவன் என்ற முறையில் இதை ஒப்புக்கொள்கிறேன். இறாலின் இதயம் எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். (தலையும் மார்பும் ஒன்றாகச் சேர்ந்த பகுதியில், முதுகுப்புறம். நீங்கள் கேட்கவில்லை என்பது தெரியும்.)

இந்தக் குணத்துக்கு என் மனைவி மங்கை ஒரு மருந்து வைத்திருந்தாள். விருந்துகளில் அவள் எப்போதும் என் இடப்பக்கத்தில் அமர்வாள். கத்தரிக்காயின் குடும்பப் பெயரையோ கோழியின் மூதாதையரையோ பற்றி நான் வாயைத் திறந்ததும் மேசைக்கு அடியில் என் காலை மிதிப்பாள். முகத்தில் ஒன்றும் தெரியாது. "இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா?" என்று அடுத்தவரைக் கேட்டுக்கொண்டே மிதிப்பாள். நானும் வாக்கியத்தின் நடுவிலேயே நின்றுவிடுவேன். எங்கள் இல்லறத்தின் அமைதியில் அந்தக் காலுக்குப் பெரும் பங்கு உண்டு.

மங்கை மறைந்தது அதற்கு முந்தைய ஆடியில்.

எங்கள் மகன் கதிர் ஓசூரில் வேலை பார்க்கிறான். உடன் வேலை பார்க்கும் ரீத்தாவை மணக்க விரும்பினான். ரீத்தாவின் வீட்டார் இண்டூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா சவரியப்பன் தக்காளி பயிரிடுபவர். இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் தத்தம் கடவுளரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு எதிர்த்தார்கள். மங்கை ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் பேருந்து ஏறி இண்டூர் போனாள். ரீத்தாவின் அம்மா தெரசம்மாவோடு மாட்டுக்கொட்டகையில் நின்றபடியே பேசி முடித்துவிட்டு வந்தாள். "வூடு பாக்க வாங்க. எறாத் தொக்கு ஆக்கிப் போடறேன்" என்று அழைப்பும் விடுத்திருந்தாள். திருமணமான புதிதில் நாங்கள் கடலூர்ப் பக்கம் குடியிருந்தபோது அவள் கற்றுக்கொண்ட பண்டம் அது.

அவர்கள் வருவதற்குள் அவள் போய்விட்டாள். மாமியார் இல்லாத வீட்டில், சடங்கும் சாமியும் வேறான குடும்பத்தில், தம் பெண் எப்படி இருப்பாள் என்ற ஐயம் தெரசம்மாவுக்கு மறுபடி வந்துவிட்டது. நேரில் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்றார். சரி என்றால், உயிர்ப்புத் திருவிழாவான ஈஸ்டர் முடிந்ததும் அவர்கள் கோயிலில் திருமண ஓலை வாசித்து ஊருக்கு அறிவிப்பார்கள். இல்லையென்றால் இல்லை. அந்த ஞாயிறு அதற்காகத்தான்.

கதிர் முன்கூட்டியே எச்சரித்திருந்தான். "அப்பா, அது தவசு காலம். ரீத்தா அம்மா நாற்பது நாளும் சுத்தபோசனம் இருக்காங்க. ஆடு, கோழி எதுவும் தொட மாட்டாங்க. மீன் மட்டும் சாப்பிடுவாங்க. இந்தக் கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னுதான் வேண்டுதலே."

"அப்படியானால் இறால்தான். உன் அம்மா கொடுத்த வாக்கு."

"ஓட்டல்ல சொல்லிடலாம்ப்பா."

"வாக்கை ஓட்டலில் வாங்க முடியாது" என்றேன். (சொல்லும்போது கம்பீரமாகத்தான் இருந்தது.)

கடற்கரையிலிருந்து பனிக்கட்டியில் வரும் சரக்கு தொப்பூர்க் கணவாயில் லாரி நெரிசலில் சிக்கினால் தர்மபுரியில் அன்றைக்கு மீன் கிடையாது. அன்று எந்த லாரியும் கவிழாதது என் கெட்ட நேரம். மீன்கடைக்கார அம்மா, "உரிச்சுத் தரட்டுங்களா சார்?" என்று கேட்டார். நான் சிரித்தேன். மூன்று தலைமுறை மாணவர்களுக்கு இறாலைப் பிரிக்கக் கற்றுத்தந்தவனிடம் கேட்கிற கேள்வியா?

வீட்டில் பழைய இடுக்கியையும் சிறு கத்தரியையும் வெந்நீரில் கழுவி எடுத்தேன். ஒவ்வோர் இறாலாக மல்லாத்தி, ஓட்டை நீக்கி, முதுகுவழியே ஓடும் கறுத்த குடலை அறுபடாமல் உருவினேன். அழகான வேலை. தலைகள் ஒரு தட்டில், ஓடுகள் ஒரு தட்டில், அளவுவாரியாக. பிறகு அடுப்பில் ஏற்றினேன். சாம்பல் நிறத்து இறால் சூட்டில் சிவப்பது ஏன் என்பது எனக்குத் தெரியும். புரதத்தோடு பிணைந்திருந்த நிறமி விடுபடுகிறது. அது முழுமையாக விடுபடட்டும் என்று காத்திருந்தேன். நிறமி விடுபட்டது. இறாலும் இவ்வுலகப் பிணைப்பு அனைத்திலிருந்தும் விடுபட்டது.

கதிர் ஒன்றை எடுத்துக் கடித்தான். நெடுநேரம் மென்றான்.

"எப்படி?"

"நல்லாருக்குப்பா. சைக்கிள் பம்புக்கு வாசர் போடலாம்."

மேலும் பேச நேரமில்லை. வாசலில் வண்டி நின்றது.

தெரசம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மங்கையின் படத்தின்முன் ஒரு நிமிடம் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். உணவு மேசையில் சவரியப்பன் எனக்கு எதிரே அமர்ந்தார். என் இடப்பக்க நாற்காலியில் யாரும் அமரவில்லை. எல்லாரும் பெரிய மனம் படைத்தவர்கள். மென்றார்கள். பேச்சை விட மெல்லும் ஓசையே கூடுதலாக இருந்ததால், சவரியப்பன் மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டார்.

"ஏங்க சார், இது கடல்ல எந்த மாதிரி மீனுங்க?"

நல்ல மீன் என்று சொல்லியிருக்கலாம். உலகில் மற்ற எல்லாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

"இது மீனே அல்ல" என்றேன். "மீனுக்கு முதுகெலும்பு உண்டு. இதற்கு இல்லை. இது கணுக்காலி இனம். நண்டு, தேள், கரப்பான் பூச்சி எல்லாம் இதற்கு உறவு."

காலை நான் சற்று முன்னால் நீட்டியே வைத்திருந்தேன், பழக்கத்தால். யாரும் மிதிக்கவில்லை.

தெரசம்மாவின் கை வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது. "அப்ப நாங்க இவ்வளவு நேரம் தின்னது..."

"பூச்சியின் பங்காளி என்று சொல்லலாம்."

"மீனில்லைங்களா?"

"இல்லை."

"அப்ப எஞ் சுத்தபோசனம்?"

அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கியது. என் மகனின் திருமணத்துக்காக அந்த அம்மா காத்துவந்த நோன்பை, அத்திருமணத்துக்கான விருந்திலேயே நான் முறித்திருக்கிறேன். சரிசெய்யவேண்டும் என்ற பதற்றம் வந்தது. பதற்றத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. பாடத்தைத் தொடர்ந்தேன்.

"ஆனால் வாழ்வதெல்லாம் நீரில்தான். தாய் இறால் கடலில் முட்டையிடும். அத்தோடு அதன் வேலை முடிந்தது. குஞ்சுகள் தாமாகவே அலையோடு மிதந்து, கழிமுகத்துக்கு வழி கண்டுபிடித்து, அங்கே வளர்ந்து... தாய் இல்லாமலே..."

கதிர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. யாரும் மிதிக்காமல் நான் பாதியில் நிறுத்திய முதல் வாக்கியம் அது.

ரீத்தா சட்டென்று கைபேசியை எடுத்தாள். "அம்மா, இரு. பாதர்கிட்டயே கேட்டுருவோம்." ஒலிபெருக்கியைத் தட்டி மேசைமேல் வைத்தாள். "பாதர், தவசு காலத்துல எறா சாப்பிடலாங்களா?"

"சாப்பிடலாமேம்மா. தண்ணியில வாழறதுதான?"

"அது மீனில்லையாம் பாதர். கரப்பான் பூச்சிக்குச் சொந்தமாம்."

"எந்தப் புண்ணியவான்மா சொன்னது?"

"கதிரோட அப்பாங்க. காலேஜ்ல விலங்கியல் எடுத்தவரு."

"தர்மபுரியிலயா? சாக்பீஸைக் காதுமேல சொருகிக்கிட்டு, ஒசரமா?"

"அவருதாங்க."

"ஐயையோ. நான் அவருகிட்டப் படிச்சவன்மா! எறாக் காலையெல்லாம் பிச்சு அட்டையில வரிசையா ஒட்டச் சொல்லுவாரு. ஒரு கால் எங்கயோ காணாமப் போச்சுன்னு எனக்கு மார்க்கைக் கொறைச்சிட்டாரு. அதுக்கப்பறந்தான் எனக்குத் தேவ அழைத்தலே வந்துச்சு."

சவரியப்பன் சிரிப்பை அடக்க முயன்று புரையேறிப் போனார்.

"அம்மாகிட்டச் சொல்லு, சுத்தபோசனத்துக்கு ஒண்ணும் ஆகலை. திருச்சபை கணக்குல அது மீனோட சேத்திதான். சார் கணக்கு வேற." பிறகு குரல் தணிந்தது. "சார் எப்படிம்மா இருக்காரு? வூட்டம்மா தவறிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். வந்து பாக்கணும்னு இருந்தேன்."

"நலமாக இருக்கிறேன்" என்றேன் கைபேசியை நோக்கி. அது மதிப்பெண் போடும் குரலில் வெளிவந்தது.

தெரசம்மா எழுந்து கை கழுவினார். கழுவியவர் மேசைக்குத் திரும்பாமல் அடுக்களைக்குள் போய்விட்டார். சம்பந்தம் போயிற்று என்று நினைத்தேன். கொஞ்சம் பொறுத்துப் பின்னால் போனேன். அவர் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களேவா ஆக்குனீங்க?"

"ஆமாம்."

"ஓட்டையெல்லாம் எதுக்குங்க இப்பிடி வரிசையா அடுக்கி வெச்சிருக்கீங்க? பரீச்சைக்குங்களா?"

"பழக்கம்."

"தொக்குல உப்பே போடலீங்க."

அது எனக்குச் செய்தி.

"தலையைக் குப்பையில போட்டுருவீங்களாட்ட இருக்குது. அதுலதான ருசியே." முந்தானையைச் செருகினார். சின்ன வெங்காயத்தை அவரே தேடி எடுத்தார், சம்பந்தி வீட்டுக்கு மூன்றாவது முறை வந்தவர் போல. தலைகளையும் ஓடுகளையும் எண்ணெயில் வதக்கி, நசுக்கி, நீர் விட்டுக் கொதிக்கவிட்டு, சாற்றை வடித்து, மிளகும் புளியும் சேர்த்தார். நான் குறுக்கே நிற்காமல் இருக்கும் வேலையைப் பொறுப்பாகச் செய்தேன். மங்கை சமைத்த நாட்களுக்குப் பிறகு அந்த அடுக்களையில் அப்படியொரு மணம் எழுந்ததில்லை.

கொதி வந்தபோது வாசற்படியில் நின்ற கணவரைப் பார்த்து, நான் அங்கே இல்லாதது போலப் பேசினார்.

"ஏங்க, எறா மீனில்லைங்கறதைக்கூட மறைக்கத் தெரியாத மனுசன். பொண்ணு கேக்கற எடத்துல! இவரு வேற எதைங்க மறைக்கப் போறாரு? ஒளிவுமறைவில்லாத வூடுன்னு அந்தம்மா நம்ம கொட்டாயில சொன்னாப்பலயே இருக்குதுங்க. ஓலை வாசிக்கச் சொல்லுங்க."

சோற்றில் அந்தச் சாற்றை ஊற்றி எல்லாரும் மறுபடி சாப்பிட்டோம். தொக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. தெருநாய் மட்டும் முகர்ந்து பார்த்துத் தன் கருத்தைத் தெரிவித்தது.

கோடையில் இண்டூரில் திருமண விருந்து. காலில்லா இறாலின் நாயகரான பாதரும் வந்திருந்தார். பந்தியில் தக்காளித் தொக்கு பரிமாறிய சவரியப்பன் பெருமையோடு, "நம்ம தோட்டத்துக் காய்ங்க" என்றார். நான் நிமிர்ந்து அமர்ந்தேன். "உண்மையில் தக்காளி காயல்ல, தாவரவியல்படி அது ஒரு..."

என் இடக்காலின்மேல் ஒரு கால் அழுந்தியது.

நின்றேன். வாக்கியத்தின் நடுவில், பழையபடி. இடப்பக்கம் திரும்பிப் பார்க்கச் சற்று நேரம் பிடித்தது. ரீத்தா இலையைப் பார்த்தபடி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அத்தை சொல்லிட்டுப் போனாங்க மாமா" என்றாள் மெதுவாக. "ஆசுபத்திரியில உங்களை எளநி வாங்க அனுப்புனாங்களே, அப்ப."

அன்று நான் இளநீரோடு திரும்பியபோது இருவரும் ஏதோ சேலையைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னார்கள். நம்பினேன்.

இன்றும் இண்டூர் வீட்டில் எது பரிமாறினாலும், முட்டையோ முருங்கையோ, சவரியப்பன் கரண்டியை நிறுத்தி, "சம்பந்தி, இது மீனுங்களா?" என்று கேட்கிறார். மேசை முழுவதும் என்னைப் பார்க்கிறது. நான் ரீத்தாவின் காலைப் பார்த்துவிட்டு, "மீன்தான்" என்கிறேன்.

இன்னும் செய்யாமல் இருப்பவை:

பாதருக்குக் குறைத்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுப்பது.

இறாலை எப்போது இறக்குவது என்று தெரசம்மாவிடம் கேட்டுக்கொள்வது.

வாசலில் இருக்கும் மங்கையின் செருப்பை எடுத்து உள்ளே வைப்பது. (அவசரமில்லை மாமா என்கிறாள் ரீத்தா.)