செல்லபாயின் கையில் ஏழு ஜோடிக் கையுறை

அன்புள்ள மச்சினன் அனில்குமாருக்கு,

அத்தான் ஐயப்பன் எழுதுவது. நானும் உன் அக்கா ஞானசெல்வியும் இங்கே சுகம். கோயம்புத்தூரில் நீயும் நீ கண்டுபிடித்த கையுறையும் சுகமாக இருக்கக் கடவுள் துணை நிற்கட்டும். போனில் பேசினால் உன் அக்கா கேட்டுவிடுவாள், அதனால்தான் கடிதம்.

முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு அவள் உள்ளங்கை உரிந்ததைப் பார்க்கச் சகிக்காமல்தான் முந்திரிக்கொட்டை உடைக்கும் எங்கள் அண்டி ஆபீசில் உன் கையுறையை வாங்க வைத்தேன். உள்ளே அசைவறியும் கருவி இருக்கிறது, கை அசைந்தால் போட்டிருக்கிறார்கள், அசையாவிட்டால் கழற்றிவிட்டார்கள் என்று நீ சொன்னதை நம்பி, சூப்பர்வைசர் நானே பொறுப்பு என்று கையெழுத்தும் போட்டேன். ஒழுங்காக ரோந்து போகிறேனா என்று பார்க்க எனக்கும் அதே கருவி வைத்த பூட்ஸ் தந்தார்கள். நான் ஒரு நாளும் கழற்றியதில்லை. உடைக்கும் பெண்கள் ஏழு பேருமோ, விரல் நுனி படாமல் உடைத்தால் பருப்பு முழுசாக வராது என்று முதல் நாளே கழற்றிப் போட்டார்கள், கருவி கத்தித் தீர்த்தது. மறுநாள் சத்தமே இல்லை, அறிக்கையில் நூற்றுக்கு நூறு. சந்தோஷத்தில் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தேன். பிறகுதான் மேனேஜர் கூப்பிட்டு, ஏழு பேரும் ஒரே நொடியில் கையைத் தூக்குகிறார்கள், ஒரே நொடியில் நெஞ்சில் அடித்துக்கொள்கிறார்கள், இந்த ஒற்றுமையைப் பார்க்க முதலாளியே திங்கட்கிழமை வருகிறார் என்றார். ஓடிப்போய்ப் பார்த்தால், முந்தின நாள் சீரியலை மறுநாள் ஷெட்டில் சொல்லும் செல்லபாய் நடுவில் சாக்கின்மேல் உட்கார்ந்திருக்கிறாள். வாயைவிட அவள் கைதான் அதிகம் பேசும். அந்தக் கையில் ஏழு பேரின் கையுறையும் ஒன்றன்மேல் ஒன்றாக! மற்ற ஆறு பேரும் பழையபடி எண்ணெய் ஒட்டாமலிருக்கச் சாம்பல் பூசிய வெறுங்கையால் உடைத்துக்கொண்டே கதை கேட்கிறார்கள்.

"என்னக்கா இது?" என்றேன்.

"பின்ன என்ன சாரே? கை அனங்கணும்ணுதானே மெஷினு கேக்கு? அனங்குதுல்லா?"

உன் அக்காவைப் பார்த்தேன். "சும்ம இரியும், மருமவ வெசம் குடிக்கப் போறா" என்கிறாள். அவள் கையைப் பிடித்துத்தான் கல்யாணம் செய்தேன் அனிலு, அந்தக் கை இப்படி வெந்துகிடப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு தாங்கவில்லை. ஒருவர் கையில் இரண்டாவது ஜோடி ஏறினால் ஊர் கூடும்படி கத்தும் கருவி ஒன்றைத் திங்களுக்குள் அனுப்பு. இல்லாவிட்டால் என் வேலை போகும், அவள் கையும் போகும்.

உனக்கு நீண்ட ஆயுளும், உன் கருவிக்குக் கொஞ்சம் புத்தியும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
நேர்மை தவறாத உன் அத்தான்
ஐயப்பன்

பி.கு.: தபாலில் சேர்க்க மறந்து இன்று வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. கத்தும் கருவியைத் தயவுசெய்து அனுப்பிவிடாதே. முதலாளி வந்தார், திட்டுவதற்கு வாயைத் திறந்தார். அதற்குள் செல்லபாய் கதையில் மருமகளின் விஷக் கிண்ணத்தைத் தூக்கிவிட்டாள். அன்று சாக்கில் உட்கார்ந்தவர் தினமும் வந்து உட்காருகிறார். கதை நடுவில் நான் எப்படி எழுந்து ரோந்து போவேன்? என் பூட்ஸும் இப்போது அவள் காலில்தான். கதையில் மாமியார் வரும் இடத்தில் அவள் தரையை மிதிக்கும் மிதியில் என் ரோந்து ஒழுங்காகப் பதிவாகிறது. உன் அக்காவின் கை நன்றாக ஆறிவிட்டது. கையுறையால் அல்ல, ஐந்து நாளாக ஷெட்டில் யாரும் ஒரு அண்டிகூட உடைக்கவில்லை.