எதிர்க்கடை இம்மானுவேல்

பூசான், கருவாட்டுச் சந்தை

கர்த்தரின் ஊழியக்காரரும் சியோல் மாநகரச் சபையொன்றின் மேய்ப்பருமான மதிப்பிற்குரிய போதகர் தோ கி-ஹோன் அவர்களுக்கும், சின்ன வயதில் என் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிப்போகும் தம்பி கி-ஹோனுக்கும் (இருவரும் ஒரே ஆள் என்பதால் ஒரே உறையில்) அண்ணன் கி-சோல் எழுதிக்கொள்வது. தேவகிருபையால் நானும் உன் அண்ணி சுன்-நெயும் சுகம். தாங்களும் குடும்பத்தாரும் சபையாரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். குளிர் ஏறிவிட்டது, கழுத்தை மூடிக்கொண்டு பிரசங்கம் செய்யவும். மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

தாங்கள் எழுதி அச்சடித்துப் பெட்டியாக அனுப்பிய 'நாத்திகனுக்கு நறுக்கென்று பதில்' வந்து சேர்ந்தது. காகிதம் முதல் தரம். உள்ளே இருக்கிற சரக்கைப் பற்றித்தான் இந்தக் கடிதம். எங்கள் எதிர்க்கடை தங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் சபை மூப்பர் குவோன் நடத்திய 'இம்மானுவேல் நெத்திலி'. மூப்பர் காலமானதும் பிள்ளைகள் அதை மெங் இல்-டோ என்பவனுக்கு விற்றுவிட்டார்கள். மெங் முழு நாத்திகன். சாமி இல்லை, சாத்தான் இல்லை, செத்த பிறகு ஒன்றுமே இல்லை என்கிறவன், அந்தப் பெயர்ப்பலகையை மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் சபைப் பெண்கள் தங்க எழுத்தைப் பார்த்து நம் விசுவாசி கடை என்று நேரே அங்கே போய்விடுகிறார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையே உட்கார்ந்து சாப்பிடுகிற நூடுல்ஸின் சாறு ஒரு நாத்திகனின் நெத்திலியில் கொதிக்கிறது. டீக்கனாகிய நான் முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் குடிக்கிறேன். ருசியாக வேறு இருந்து தொலைக்கிறது. என் நெத்திலிக் கடைக்கு நான் என் பெயரையே வைத்தேன், முட்டாள்.

நேரில் போய் நியாயம் கேட்டேன். “மெங் முதலாளி, அந்தப் பேருக்கு தேவன் நம்மோடு இருக்காருன்னு அர்த்தம். நம்பாத உமக்கு எதுக்குய்யா அந்த போர்டு? கழட்டிடும்” என்றேன். அவன் நெத்திலியைச் சலித்துக்கொண்டே, “உங்க சாமி எல்லா இடத்துலயும் இருக்காருன்னுதானே சொல்றீங்க, டீக்கன் ஐயா?” என்றான். “ஆமா.” “என் கடையிலயும்?” கொஞ்சம் யோசித்து, “இருப்பாரு” என்றேன். “அப்ப போர்டுல என்ன பொய் இருக்கு?” என்று கேட்டுவிட்டு எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

ஆளை மதம் மாற்றினால் அகம்பாவம் அடங்கும், அடங்கினால் பலகை இறங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் தங்கள் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். உயிர்களின் கண் எவ்வளவு நுட்பம், அது தானாக வருமா என்று கேட்கச் சொல்லியிருந்தீர்கள். ஒரு கைப்பிடி நெத்திலியை அள்ளி அவன் முகத்துக்கு நேரே நீட்டி, “இந்தக் கண்ணைப் பாரும், இது தானா வந்துச்சா?” என்றேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிதானமாகப் பார்த்தான். “கண்ணு பிரமாதம். வலை வர்றதுதான் தெரியல, பாவம்” என்றான். கடை வரிசை முழுக்கச் சிரித்தது. தம்பி, உன் கேள்விகள் எல்லாம் கருங்கல் மாதிரி இருக்கின்றன, பதில்கள் கை பட்டதும் உதிர்கின்றன. நான் பாட்டுக்குச் சந்தேகமே இல்லாமல் விசுவாசித்துக்கொண்டிருந்தவன். உன் புத்தகத்தைப் படித்த பிறகுதான் இத்தனை சந்தேகம் இருக்கிறது என்றே எனக்குத் தெரிந்தது.

கடைசியில் மெங்குக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது. “தினமும் வந்து தொண்டை கட்டிக்கிறீங்க. சரி, ஞாயித்துக்கிழமை சபைக்கு வர்றேன். ஞானஸ்நானம் வாங்கிட்டா போர்டு எனக்குப் பொருந்தும்தானே?” என்றான். உன் அண்ணி ஸ்தோத்திரம் சொன்னாள். நான் மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஞானஸ்நானம் பெற்ற மெங், மேலே இம்மானுவேல் பலகை, கீழே சபைப் பெண்களின் வரிசை. கர்த்தரே வந்தாலும் அப்புறம் அந்த வியாபாரத்தை மீட்க முடியாது. மறுநாளே ஓடினேன்.

“அவசரப்படாதேயும் மெங். நல்லவனுக்கு ஏன் கஷ்டம் வருதுன்னு யோசிச்சீரா?”

“அதை நான்தானே உங்ககிட்ட கேட்டேன்?”

“நான் சொன்ன பதில்ல திருப்தி வந்துச்சா?”

“இல்ல.”

“எனக்கும் இல்ல. அப்புறம் எப்படி வர்றேங்கிறீரு?”

அவன் சிரித்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். பேரம் படியாத எரிச்சலில், “போன வருஷம் உம்ம சம்சாரம் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப அந்த தேவன் எங்கே இருந்தாராம்? அதையாவது கேட்டுப்பாரும்” என்று சொல்லிவிட்டேன். மெங் நிறுத்துக்கொண்டிருந்த நெத்திலியைத் தராசிலேயே விட்டுவிட்டுப் பட்டப்பகலில் ஷட்டரை இறக்கினான். பின்னால் நின்ற சுன்-நெ, “ஒரு போர்டுக்காகவா இதைக் கேட்டீங்க?” என்றாள். அன்றிலிருந்து கடையும் திறக்கவில்லை, அவள் வாயும் திறக்கவில்லை. பலகை மட்டும் எதிரே நின்று என்னையே பார்க்கிறது.

ஆகவே போதகர் அவர்கள் இனிப் புத்தகம் எதுவும் அனுப்ப வேண்டாம். மிச்சத்தைப் பார்சலில் திருப்புகிறேன். நாத்திகன் நாத்திகனாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அந்தப் பலகை இறங்க வேண்டும், எனக்கு அவ்வளவுதான் வேண்டும். அதற்கு மட்டும் ஜெபி. குழந்தைகளுக்கு என் முத்தங்கள், உன் மனைவிக்கு ஆசீர்வாதம், சபையாருக்கு ஸ்தோத்திரம். எல்லாருக்கும் நல்ல நெத்திலி தனியாக வருகிறது, என் கடையிலிருந்து.

அன்புள்ள அண்ணன்,
தோ கி-சோல்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். மெங் வந்தார், ஏணியோடு. தன் கையாலேயே பலகையைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்து என் கடை வாசலில் சாய்த்தார். “நீங்க கேட்டதுல எனக்குக் கோபம் வந்துச்சு. வீட்டுக்குப் போயும் அடங்கல. உங்களைத்தான் திட்டுறேன்னு நெனச்சேன். என் குரல் என் காதுல விழுந்தப்புறம் பாத்தா வேற ஒருத்தரைப் பேர் சொல்லித் திட்டிக்கிட்டு இருக்கேன். போர்டுல இருக்கிற அதே பேரு. மேல யாரும் இல்லன்னு இருந்த வரைக்கும் இது வெறும் மரம். இப்ப இதுக்குக் கீழ நின்னு யாவாரம் பண்ணக் கூசுது. நீங்க நம்புறவரு, நீங்க மாட்டிக்குங்க” என்று சொல்லி, ஏணியையும் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அளந்து பார்த்தேன், என் வாசலுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. சுன்-நெ வாயைத் திறந்து, “மாட்டுங்களேன்” என்றாள். ஏறினேன். இறங்கிவிட்டேன். சுத்தியல் இன்னும் கையில்தான் இருக்கிறது. பார்சலை அவிழ்த்து உன் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை மறுபடி புரட்டினேன். நாத்திகனுக்கெல்லாம் பதில் வைத்திருக்கிறாய். டீக்கனுக்கு ஏதாவது எழுதியிருந்தால் ஒரு பிரதி அனுப்பு.